காலுக்கு அஞ்சு, கண்ணுக்கு ரெண்டு

கிண்ணம் நிறையத் தேநீர் ஊற்றிவிட்டீர்கள், தம்பி. நகரத்தில் வளர்ந்த பிள்ளை, குற்றம் சொல்லவில்லை. எங்கள் ஊரில் விருந்தாளிக்கு அப்படி ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். நானோ இப்போதைக்கு எங்கேயும் கிளம்புகிறவன் இல்லை. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நான் நிதானமாகச் சொல்கிறேன். முப்பத்தாறு வருஷம் கணக்குப் பாடம் நடத்தியவன்; எழுதுகிற கையின் வேகத்துக்குத் தக்கபடி பேச எனக்கு வரும்.

முதலில் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் மரியாதை தெரிந்தவன். பெரியவர் ஒருவர் வந்தால் எழுந்து நின்று, இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்து, பிறகு நெஞ்சில் கைவைத்துக் குனிவேன். எனக்கே அறுபத்தொரு வயது, முட்டியில் வலி, இருந்தாலும் எழுந்திருப்பேன். ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். போன ஏப்ரலில் நடந்ததை உங்கள் போலீஸ் ஆட்கள் விபத்து என்று எழுதி மூடிவைத்ததற்குக் காரணமே அந்த மரியாதைதான்.

மாமியாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் மனைவியைப் பெற்றவள் இல்லை. அந்த அம்மாள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டாள். எங்கள் ஊரின் மண் தோண்டும் எக்ஸ்கவேட்டருக்கு அப்படிப் பெயர். 1961-ல் கூட்டுப் பண்ணைக்கு வந்தது. இப்போது வருகிற எந்திரங்களை விரல் நுனியால் ஓட்டலாமாம். மாமியார் அப்படியில்லை. கம்பி வடம், அதைச் சுற்ற உருளை, ஆறு லீவர், மூன்று பெடல். காலையில் கிளம்ப மாட்டாள். கிளம்பினால் ஊரையே எழுப்புவாள். எவ்வளவு எண்ணெய் ஊற்றினாலும் போதாது என்று நாள் முழுக்க முனகுவாள். பெயர் வைத்தது யாரென்று தெரியாது, ஆனால் ஊர் மருமகள்கள் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

அவளை ஓட்டத் தெரிந்தவன் ஒருவன்தான், எர்காஷ். நாற்பத்து நாலு வயது. தொப்பை, சிகரெட், எப்போதும் ஒரு சிரிப்பு. என்னிடம் படித்தவன். எட்டாம் வகுப்பில் வடிவியலில் அவனுக்கு ரெண்டு போட்டேன். ஐந்து வாங்கினால் வீட்டில் தட்டிக்கொடுப்பார்கள், ரெண்டு வாங்கினால் தட்டுவார்கள். உங்கள் காலத்திலும் அப்படித்தானே? வட்டம் வரையச் சொன்னால் முட்டை வரைவான். கேட்டால், "கோழி இப்படித்தான் போடுது வாத்தியாரே" என்பான். வகுப்பே சிரிக்கும். நானும் ஒரு தடவை சிரித்துவிட்டேன், அதற்கும் சேர்த்து மூலையில் நிற்க வைத்தேன்.

இனி வாய்க்கால். எங்கள் பெர்கானாப் பள்ளத்தாக்கில் மழையை நம்பி யாரும் மரம் வைப்பதில்லை. மார்ச் வந்தால் ஊரே வாய்க்கால் தூர்வார இறங்கும். பெரிய வாய்க்காலை மாமியார் பார்த்துக்கொள்வாள், கிளை வாய்க்கால்களை அவரவர் மண்வெட்டியால் பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு நாற்பத்து மூன்று வாதுமைப்பழ மரங்கள். ஆப்ரிக்காட் என்று எழுதினாலும் சரி. என் கிளை வாய்க்கால் மூன்று வருஷமாகத் தூர்ந்து கிடந்தது, மரங்கள் மேல் நுனியிலிருந்து காய ஆரம்பித்துவிட்டன. இன்னொரு கோடை தண்ணீர் இல்லாமல் போனால் விறகுதான். எர்காஷைக் கூப்பிட்டுக் கேட்டேன். இறங்கி வந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"உங்க கிளைக்கு மாமியார் வேணாம் வாத்தியாரே. சரிவே கம்மி. ஒரு முழம் கூட எடுத்துட்டா தண்ணி அடியோட ஓடிரும், உங்க மடைக்கு ஏறாது. மம்பட்டியை எடுத்து ரெண்டு நாள் சுரண்டுங்க, போதும்."

மண்வெட்டி. நான். என்னிடம் படித்த மூன்று தலைமுறை கரையில் நின்று பார்க்க. அவன் வாய்க்காலைப் பற்றிப் பேசவில்லை என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. முப்பது வருஷத்துக்கு முன் போட்ட அந்த ரெண்டுக்கு இப்போது பதில் சொல்கிறான். வேறு எதற்காக ஒருவன் அப்படிச் சிரிக்க வேண்டும்?

வாய்க்கால் குழுவின் தலைவர் மிர்சாகரிம் பெரியவர். எண்பத்து நாலு வயது, கைத்தடி, காது மட்டும் கூர்மை. ஊரில் இன்னும் ஒருவர் ஓட்டக் கற்றுக்கொள்வது நல்லதுதானே, நான் கற்றுக்கொள்கிறேனே என்று அவரிடம் போய்ச் சொன்னேன்.

"இந்த வயசுலயா சோதிக்?" என்றார். பிறகு தாடியைத் தடவிக்கொண்டு, "சரி, கத்துக்க. பயிற்சி நோட்டுல எர்காஷ் கையெழுத்துப் போட்டுட்டான்னா சாவியைத் தர்றேன், உன் கிளையை நீயே வெட்டிக்க. ஏப்ரல் பத்தாந்தேதி தலைமடையைத் திறக்கறோம். அதுக்குள்ள முடிச்சாத்தான் உனக்குத் தண்ணி" என்றார்.

கையில் நாற்பது நாள் இருந்தது.

கற்றுக்கொடுப்பவன் எந்த வயதானாலும் உஸ்தா. கற்றுக்கொள்கிறவன் காலையில் முதலில் வந்து சமோவாரைப் பற்றவைக்க வேண்டும், உஸ்தாவுக்குத் தேநீர் ஊற்ற வேண்டும். மூலையில் நான் நிற்க வைத்தவனுக்கு நானே தேநீர் ஊற்றினேன், அரைக் கிண்ணம், முறைப்படி. அவன் அதை ரசித்துக் குடித்தான் என்று சொன்னால் போதாது. ஒவ்வொரு மடக்குக்கும் கண்ணை மூடினான்.

முதல் நாள் அவன் சொன்னது பிரேக் பற்றி.

"வலது பெடல், வாத்தியாரே. பக்கெட் மேல இருக்கற வரைக்கும் உங்க கால் இதும்மேல இருக்கணும். காலை எடுத்தீங்க, மாமியார் தொபுக்குனு போட்ருவா. முன்னாடி ஒரு கொக்கி இருந்துச்சு, ஒடைஞ்சு பத்து வருஷமாச்சு. ரொம்ப நேரம் நிறுத்தணும்னா இந்தக் கட்டையை இடுக்கில சொருகிக்கலாம். இல்லேன்னா கால்தான். உங்கப்பாவே கபர்க் குழியிலேர்ந்து எழுந்து வந்தாலும் உக்காந்துக்கிட்டே சலாம் சொல்லுங்க, புரியுதா?"

முசுக்கொட்டைக் கட்டை, என் முழங்கை நீளம், பிடித்துப் பிடித்துக் கறுத்துப் போயிருந்தது. நான் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

பிறகு வந்த வாரங்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. இடது பக்கம் திருப்பச் சொன்னால் வலது பக்கம் திருப்பினேன். மூன்றாவது நாள் வாய்க்கால் குழுவின் கழிப்பறைச் சுவரை அப்படியே எடுத்துவிட்டேன். உள்ளே ஊர்ப் பல் வைத்தியர் உட்கார்ந்திருந்தார். எழுந்து ஓடவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் அவர் பட்ட பாட்டை எர்காஷ் அடுத்த ஒரு வாரத்துக்குத் தேநீர்க்கடையில் நடித்துக் காட்டினான். "வாத்தியாருக்கு ரெண்டு. வைத்தியருக்கு அஞ்சு, உக்காந்த எடத்தை விடல." ஒவ்வொரு நாள் முடிவிலும் நோட்டில் சிவப்புப் பென்சிலால் மதிப்பெண் போடுவான். ரெண்டு, ரெண்டு, ரெண்டு. ஒரு நாள் மூன்று. மறுநாள் மறுபடியும் ரெண்டு.

சந்தோஷமாகவும் இருந்தது. அதை மறைக்க மாட்டேன். இருபத்தைந்து டன் இரும்பு என் காலடியில் முனகிக்கொண்டு நான் சொன்ன பக்கம் திரும்பியது. வகுப்பில் எந்தப் பையனும் அப்படிச் சொன்ன பேச்சைக் கேட்டதில்லை.

மார்ச் நடுவில் மிர்சாகரிம் பெரியவர் பார்க்க வந்தார். பக்கெட் மேலே, மண் நிறைய. என் கால் பெடலில். அவர் நேராகக் கதவருகே வந்து நின்றார். என் உடம்பு எழுந்திருக்கத் துடித்தது, தம்பி. முட்டி தானாக மடங்கி நிமிரப் பார்த்தது. கீழே எர்காஷ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே நெஞ்சில் கைவைத்து சலாம் சொன்னேன். பெரியவர் முகம் கறுத்துப்போய்த் திரும்பி நடந்துவிட்டார். அன்று சாயங்காலம் எர்காஷ் நோட்டை என்னிடம் நீட்டினான்.

"காலுக்கு அஞ்சு, வாத்தியாரே. நான் போட்ட மொத அஞ்சு. உங்க கால் இருந்தா கட்டையே வேணாம்."

வீட்டுக்குப் போய் என் மனைவி ஷரோபத்திடம் சொன்னேன். அவள் மாவு பிசைந்த கையோடு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அறுபத்தொரு வயசுல மார்க் வாங்கிட்டு வந்து நிக்கறீங்களே. அம்மா கையெழுத்து வேணுமா?" என்றாள். அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் நோட்டை மூடினேன்.

பெரியவர் விஷயம் ஊரில் பரவிவிட்டது. வாத்தியார் எந்திரத்தில் ஏறியதும் ஆள் மாறிவிட்டார், எழுந்திருப்பதில்லை என்று பேச்சு. இரண்டு ரொட்டியும் உலர்ந்த திராட்சையும் எடுத்துக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போனேன். அடுத்த முறை நீங்கள் வரும்போது வானமே இடிந்து விழுந்தாலும் எழுந்து நிற்பேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த நேரத்தில் மனதில் ஒன்றுமில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். நான் பொய் சொல்கிற ஆள் இல்லை.

ஏப்ரல் இரண்டாம் தேதி தேர்வு. எக்ஸ்கவேட்டர்க்காரர்கள் எல்லோரும் செய்து காட்டுகிற வித்தை ஒன்று இருக்கிறது. பாதி திறந்த தீப்பெட்டியைக் கல்மேல் வைத்து, பக்கெட்டின் பல்லால் அதைத் தள்ளி மூட வேண்டும். பெட்டி நசுங்கக் கூடாது. ஊரே கரையில் நின்றது. முதல் இரண்டு தடவை பெட்டி அப்பளமானது. மூன்றாவது தடவை மூடியது. மெல்ல, கதவைச் சாத்துகிற மாதிரி மூடியது. பல் வைத்தியர் கூடக் கை தட்டினார்.

எர்காஷ் பெட்டியை எடுத்து, அதிலிருந்த குச்சியால் சிகரெட் பற்றவைத்தான்.

"இது கண்காட்சிக்கு. இப்ப முழங்கால் ஆழத்துக்கு ஒரு கோடு வெட்டுங்க."

வெட்டினேன். அவன் உள்ளே இறங்கி நின்றான். மண் அவன் இடுப்புவரை இருந்தது. அவன் அங்கேயே நின்று தன் இடுப்பைக் குனிந்து பார்த்தான், பிறகு கூட்டத்தைப் பார்த்தான். சிரிப்பு எழுந்தது. நோட்டை வாங்கி, எல்லோருக்கும் தெரிகிற மாதிரிப் பெரிதாக, சிவப்பில் ரெண்டு போட்டான்.

"கை வந்திருச்சு வாத்தியாரே, கண்ணு வரல. ஆழம் தெரியல உங்களுக்கு. அடுத்த வருஷம் போடறேன் கையெழுத்து."

அதோடு விட்டிருந்தால் இன்றைக்கு நான் உங்கள் முன் உட்கார்ந்திருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். அவன் கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தி, "சனிக்கிழமை நானும் மம்பட்டி எடுத்துட்டு வர்றேன். ரெண்டு பேருமா எறங்குனா ரெண்டு நாள்ல உங்க கிளை முடிஞ்சிரும். மரத்தைக் காப்பாத்திரலாம்" என்றான். இரக்கப்பட்டான். எர்காஷ், எனக்கு. முட்டை வரைந்தவன். உங்கள் பேனா நின்றுவிட்டதே, மை தீர்ந்துவிட்டதா?

அந்த வியாழக்கிழமை பக்கெட்டின் பற்களை மாற்ற வேண்டும் என்று முன்பே பேச்சு. தேய்ந்த பல்லைக் கழற்ற, அதைப் பிடித்திருக்கும் ஆணியை அடியிலிருந்து அடித்து எடுக்க வேண்டும். பக்கெட்டை மார்பளவுக்குத் தூக்கி நிறுத்தி, அதற்கடியில் உட்கார்ந்துதான் அடிக்க முடியும். புதன்கிழமை நான் மிர்சாகரிம் பெரியவரிடம் போனேன்.

"போன தடவை உக்காந்தே இருந்துட்டேன், மனசு உறுத்திக்கிட்டே இருக்கு. நாளைக்குப் பத்து மணிக்கு வந்து ஒரு எட்டு பாத்துட்டுப் போங்க" என்றேன்.

"வர்றேன் சோதிக், வர்றேன்" என்றார். சந்தோஷப்பட்டார் பாவம்.

வியாழக்கிழமை வழக்கம்போல் நான்தான் முதலில் போனேன். சமோவாரைப் பற்றவைத்தேன். எர்காஷ் வந்து உட்கார்ந்து இரண்டு கிண்ணம் குடித்தான். "இன்னிக்கி டீ தனியா ஒரு வாசனையா இருக்கே வாத்தியாரே, என்ன போட்டீங்க?"

"நல்லாக் காஞ்ச கட்டை, உஸ்தா" என்றேன். அது உண்மைதான். முசுக்கொட்டை, முழங்கை நீளம்.

பக்கெட்டைத் தூக்கினேன். இன்ஜினை அணைக்கச் சொன்னான், அணைத்தேன். அவன் சுத்தியலோடு அடியில் போய் உட்கார்ந்தான். பிறகு தலையை மட்டும் வெளியே நீட்டிக் கேட்டான். "கட்டை போட்டாச்சா?"

"காணோம். என் கால் இருக்கு, உஸ்தா."

கொஞ்சம் யோசித்தான். பிறகு சிரித்தான். "அதுவும் சரிதான். அஞ்சு வாங்கின கால்" என்று சொல்லிவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். டொக், டொக் என்று அடிக்க ஆரம்பித்தான்.

பெரியவர் பாப்ளார் மர வரிசையின் அந்தக் கோடியில் தென்பட்டபோது பத்தாக இரண்டு நிமிஷம். அவர் நடைக்கு அங்கிருந்து எங்களிடம் வர நாலு நிமிஷம் ஆகும். கணக்கு வாத்தியார், இதெல்லாம் தானாக வரும். நாலு நிமிஷமும் எனக்கு யோசிக்க இருந்தது. அவசரத்தில் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். மரங்களை யோசித்தேன். தலைமடை திறக்க எத்தனை நாள் இருக்கிறது என்று யோசித்தேன். சிவப்புப் பென்சிலையும் யோசித்தேன். பெரியவர் கதவருகே வந்து, மூச்சு வாங்க நின்று, என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் எழுந்து நின்றேன். இரண்டு கையையும் நீட்டி அவர் கையைப் பிடித்தேன். சலாம் சொன்னேன். வடம் ஓடுகிற சத்தம் ஒரு விநாடிதான் இருந்தது. டொக் டொக் நின்றது.

அவனை எடுக்க வேண்டுமானால் பக்கெட்டைத் தூக்க வேண்டும். தூக்கத் தெரிந்தவர்கள் ஊரில் இரண்டு பேர், ஒருவன் அதற்கு அடியில் இருந்தான். ஓடி வந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏறி உட்கார்ந்து இன்ஜினைக் கிளப்பினேன். மாமியார் அன்றைக்கு முதல் தடவையிலேயே கிளம்பினாள். ஒரு ஆட்டமில்லாமல், நேர்ச் செங்குத்தாக, விரல் விரலாகத் தூக்கினேன். அதைவிடச் சுத்தமாக நான் அதற்கு முன்னும் தூக்கியதில்லை, பின்னும் தூக்கியதில்லை. அதைப் பார்த்து மதிப்பெண் போடத்தான் ஆளில்லை.

யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாத்தியார் என்ன செய்வார், பெரியவர் வந்தால் எழுந்திருக்கிற உடம்பு, ஒரு தடவை எழுந்திருக்கவில்லை என்று ஊரே பேசிவிட்டது, இந்தத் தடவை பாவம் பதறி எழுந்துவிட்டார் என்றார்கள். உங்கள் ஆபீஸிலிருந்து வந்தவர் அதையே கொஞ்சம் நல்ல நடையில் எழுதிக்கொண்டு போனார். இடுகாட்டில் தரை கல்லாக இருந்தது; வேண்டுமானால் மாமியாரைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். கையால்தான் வெட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நானும் முறைக்கு நாலு வெட்டு வெட்டினேன். மண்வெட்டி அவ்வளவு கஷ்டமாக இல்லை.

எர்காஷின் மனைவி முனவ்வர் துக்க வீட்டிலும் என்னைத்தான் தேற்றினாள். "உங்க மேல தப்பில்ல வாத்தியாரே. சனிக்கிழமை உங்க வாய்க்காலுக்குப் போகணும்னு ரெண்டு மம்பட்டியைத் தீட்டி வச்சிருந்தாரு. ஒண்ணு உங்களுக்காம். எடுத்துட்டுப் போங்க" என்றாள். வாங்கிக்கொண்டேன். நன்றாகத்தான் தீட்டியிருந்தான்.

சாவியை எனக்குக் கொடுப்பதைத் தவிரக் குழுவுக்கு வேறு வழியில்லை. ஏழாம் தேதியும் எட்டாம் தேதியும் என் கிளையை வெட்டினேன். அழகான வேலை. சுவர் நேர்கோடு, அடி சமதளம். பத்தாம் தேதி தலைமடை திறந்தார்கள். தண்ணீர் வந்தது, கலங்கலில்லாத நல்ல தண்ணீர். என் தோட்டத்து மடைக்கு ஒரு முழம் கீழே ஓடிப் போனது. ஷரோபத் ஒரு வாரம் வாளியில் மொண்டு மொண்டு ஊற்றினாள், பிறகு நிறுத்திவிட்டாள். இப்போது என்னோடு பேசுவதில்லை. நாற்பத்து மூன்றில் இரண்டு மரம் இலை விட்டிருக்கிறது. அதற்கு என்னைக் குற்றம் சொல்ல முடியாது. வாய்க்காலை ஆதியில் அமைத்தவர்கள் சரிவைத் தப்பாகப் போட்டுவிட்டார்கள்.

இவ்வளவு நாள் சும்மா இருந்துவிட்டு இப்போது ஏன் வந்தாய் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. மிர்சாகரிம் பெரியவர் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. நான் போய் நின்றதால்தானே அவன் செத்தான், என் காலை முறிக்க வேண்டாமா என்று அழுகிறார். அவரைப் பார்க்கப் போகிறவர்கள் எழுந்தால் பதறிப்போய், "உக்காருங்க, உக்காருங்க" என்று கத்துகிறார். அதைப் பார்த்து ஊரில் மற்றவர்களும் எழுந்திருப்பதை விட்டுவிட்டார்கள். தேநீர்க்கடையில் நான் நுழைகிறேன், என்னிடம் படித்தவர்கள் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கேட்டால், "காலை எடுத்தா பக்கெட் விழுந்துரும் வாத்தியாரே" என்று சிரிக்கிறார்கள். ஒரு ஊரின் ஒழுக்கம் இப்படியா கெட வேண்டும்? எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் பஸ் ஏறி வந்தேன்.

ஆகவே தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். பெரியவர் கொல்லவில்லை, மரியாதையும் கொல்லவில்லை. கட்டையை எரித்தது நான், பெரியவரை வரவழைத்தது நான், அடியில் அவன் இருக்கிறான் என்று தெரிந்தே காலை எடுத்தது நான். எர்காஷை நான்தான் கொன்றேன். இதை ஊரில் எல்லோருக்கும் சொல்லுங்கள், பழையபடி எழுந்து நிற்கட்டும்.

எங்கே, காட்டுங்கள், படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன். எழுத்து நன்றாக இருக்கிறது. இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை, திருத்திக்கொள்ளலாம். ஆனால் இது என்ன, தொழில் என்ற இடத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர் என்று போட்டிருக்கிறீர்கள். அதை அடித்துவிட்டு எக்ஸ்கவேட்டர் ஓட்டுநர் என்று எழுதுங்கள். நோட்டில் உஸ்தாவின் கையெழுத்து இல்லையே என்பீர்கள். இல்லைதான். ஆனால் தீப்பெட்டி மூடியது, தம்பி. ஊரே பார்த்தது.